மடியிலுள்ள பிள்ளையின் ஹக்கு

தியாகராய நகரில் நான் இமாமத் செய்யும் பள்ளியில் ஒரு நாள் மஃரிபு தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். வாசற்படியில் ஒரு சகோதரர் எனக்காகக் காத்திருந்தார். மாம்பலம் ரயிலடிப் பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். பார்த்துப் பழகிய முகம்தான்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. வீட்டிலே கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாங்க. அடுத்த பிள்ளைக்காக ஒரு மூலிகைப் பொடி சாப்பிடலாமான்னு கேட்டு வரச் சொன்னாங்க. அதுக்காக நாள் கணக்குப் பார்க்கிறதும் கூடுமான்னு கேட்டாங்க."

ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டே, "பொடியிலே ஹராமான சரக்கு ஏதும் இல்லையே?" என்று கேட்டேன்.

"இல்லை ஹஜ்ரத். எல்லாம் செடி கொடிதான்."

"அப்புறம் என்ன தடை? பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடச் சொல்லுங்க. நாள் பார்க்கிறதிலேயும் தப்பில்லே."

அவர் ஸலாம் சொல்லிப் போய்விட்டார். மஸ்அலா முடிந்தது என்று நானும் வீட்டுக்குப் போனேன். ஏறத்தாழ நாற்பது நாள் கழித்து அதே வாசற்படியில் அவரை மறுபடி கண்டேன். மனைவிக்குப் பால் மிகவும் குறைந்துவிட்டது. பிள்ளை இரவெல்லாம் மார்பைச் சப்பி அழுகிறது. ஒன்பதாவது மாதத்தில் இருந்த எடையே பத்தாவது மாதம் தாண்டியும் இருக்கிறது என்று குழந்தை மருத்துவர் அட்டையைக் காட்டிக் கேட்டிருக்கிறார். "பொடியை நிறுத்தட்டுமா, தொடரட்டுமா?" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் பார்க்கப் புகுந்து, அதனால் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதிலும் நஸாயீயிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. மதரஸாவில் இந்தப் பாடத்தைப் படித்தபோது போலி வைத்தியர்களைப் பற்றியது என்றே எண்ணினேன். வாசற்படியில் நின்று பதில் சொல்லும் ஆலிமையும் அது பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. பொடியில் என்ன இருக்கிறது, பிள்ளைக்கு எத்தனை மாதம், தாய்க்கு ஹைளு திரும்பிவிட்டதா என்று மூன்று கேள்விகளையாவது நான் கேட்டிருக்க வேண்டும். ஹராமா ஹலாலா என்று ஒன்றை மட்டும் கேட்டேன். அந்தக் கேள்வியையும் பொடியைப் பற்றித்தான் கேட்டேனே தவிர, பிள்ளையைப் பற்றி நினைக்கவே இல்லை.

அன்று அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்துப் பேசினேன். அதற்குப் பிறகு கிதாபுகளையும் புரட்டினேன். மருத்துவம் அறிந்த இரண்டு சகோதரிகளிடம் என் மனைவி மூலம் விசாரித்தும் தெரிந்துகொண்டேன். இப்போது நம் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. திருமணம் தாமதமாகிறது. முதல் பிள்ளையே முப்பதைத் தாண்டிப் பிறக்கிறது. அது தவழ ஆரம்பிக்கும் முன்பே அடுத்ததைப் பற்றிக் கவலை வந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் பள்ளிவாசலும் உண்டு. நூறாண்டு தாண்டிய டப்பா செட்டி கடையும் உண்டு. அங்கே பிரசவ லேகியத்துக்கான சரக்கு வாங்காத பழைய குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. நம்மவர்களும் வாங்குவார்கள். பெயர் தெரிந்த சரக்கை, எடை தெரிந்து, எதற்கு என்று சொல்லி வாங்குவது ஒரு முறை. இந்தச் சகோதரரின் வீட்டுக்கு வந்தது அப்படியல்ல. அடையாறில் வீட்டிலிருந்தே விற்கும் ஒருவரிடமிருந்து உறவுக்காரர் வழியாக வந்த டப்பா அது. மேலே பச்சை இலைப் படம். கீழே பொடி எழுத்தில் நாலைந்து பெயர்கள். எது எத்தனை கிராம் என்று இல்லை. பாலூட்டுபவர்கள் சாப்பிடலாமா என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பெயர்களில் தண்ணீர்விட்டான் கிழங்கு இருந்தது. சதாவரி என்று சொல்வதும் இதைத்தான். பால் சுரக்க நம் பாட்டிமார் காலத்திலிருந்து கொடுத்து வருவது. மலைவேம்பு இருந்தது. கரு தங்குவதற்கென்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதன் இலைச் சாற்றைக் குடிப்பார்கள். மூன்றாவதாக இருந்ததுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. நொச்சி இனத்தைச் சேர்ந்த ஒரு விதை. சாந்தோம் அருகே நொச்சிக்குப்பம் என்று ஓர் ஊர்ப்பெயரே இருக்கிறதல்லவா, அந்த நொச்சிக்கு மத்தியதரைக் கடற்கரைகளில் ஓர் உறவுச் செடி உண்டு. அரபியில் அதற்குக் கஃப் மர்யம் என்று ஒரு பெயர். யூனானி ஹகீம்கள் பஞ்சங்குஷ்த் என்பார்கள். ஐரோப்பாவில் துறவி மடங்களில் ஆசையை அடக்க இதன் விதையைச் சாப்பிட்டதாகச் சொல்வார்கள். அதனால் அங்கே துறவிகளின் மிளகு என்றே பெயர் வந்தது. ஆசையை அடக்கக் கொடுத்த சரக்கையே இன்று பிள்ளைப்பேற்றுக்கு விற்கிறார்கள் என்பது வேடிக்கைதான்.

இந்த விதை மாதவிடாயை ஒழுங்குபடுத்தும் என்று விற்கப்படுவதற்குக் காரணம், அது ப்ரோலாக்டின் என்ற சுரப்பைக் குறைக்கக்கூடும் என்பதுதான். அந்த ப்ரோலாக்டின்தான் தாய்க்குப் பாலைச் சுரக்க வைப்பது! அதே சுரப்பு மிகுந்திருக்கும்போது கருமுட்டை வெளிப்படுவது தடைப்படுகிறது. பாலூட்டும் தாய்க்குப் பல மாதம் ஹைளு வராமல் இருப்பது இதனுடன் தொடர்புடையது. ஆக, எந்த வழியால் இந்த மருந்து கருவுக்கு உதவும் என்கிறார்களோ, அந்த வழியாலேயே அது பாலைக் கெடுக்கக்கூடும். பழைய கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் இந்த விதை பாலைப் பெருக்கும் என்று எழுதி வைத்தார். இன்றைய ஆராய்ச்சி அளவைப் பொறுத்து விளைவு மாறுவதாகக் காட்டுகிறது. பாலூட்டும் தாய்மாரிடம் சரியாகச் செய்த பரிசோதனைகள் மிகக் குறைவு என்பதால், அவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். அந்தச் சகோதரியின் பால் குறைந்தது பொடியினால்தான் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஹைளு திரும்பும்போதும் சிலருக்குப் பால் குறைவதுண்டு. கவலையும் தூக்கமின்மையும் வேறு. ஆனால், ஒரே டப்பாவில் பாலைப் பெருக்கும் சரக்கையும் பாலைக் குறைக்கக்கூடிய சரக்கையும் கலந்து விற்றவருக்குத் தாம் என்ன விற்கிறோம் என்று தெரிந்திருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நான் நினைத்தது போலவே பலரும் நினைக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய மூலிகை மருந்துகள் 70-ஐ எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. 2011-12இல் நியூயார்க் நகரில், இந்தியாவிலிருந்து வந்த இத்தகைய மருந்துகளைச் சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை அந்நகரச் சுகாதாரத் துறை கண்டது. ஈயம் கருவுக்கும் போகும், பாலுக்கும் போகும். எல்லா நாட்டு மருந்தும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அரும்பாக்கத்தில் யூனானிக்கும் சித்தாவுக்கும் அரசாங்கக் கல்லூரிகளே இருக்கின்றன. படித்துத் தேர்ந்த ஹகீமும் சித்த மருத்துவரும் நாடி பார்த்து, பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்டுத்தான் மருந்து கொடுப்பார்கள். கேள்வியே கேட்காமல் விற்கப்படும் டப்பாவைப் பற்றித்தான் என் பேச்சு. பெண்களின் மலட்டுத்தன்மையைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அதனால்தானோ என்னவோ இவை வாய்வழியாகவே விற்கின்றன.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெந்தயத்தின் மகிமையை என் சமுதாயம் அறிந்தால் பொன்னுக்கு நிகராக வாங்கும் என்ற கருத்தில் ஒரு செய்தியை நபிமொழி என்று அச்சிட்டு இத்தகைய டப்பாக்களில் ஒட்டுகிறார்கள். அது இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ்கலை இமாம்கள் ஒதுக்கிவிட்டார்கள். வெந்தயம் நல்ல பொருள்தான். அதற்காக நாயகம் (ஸல்) அவர்களின் பெயரைப் பொய்யாக இழுக்க வேண்டியதில்லை. அவ்வாறு இழுப்பவர்களுக்கு நரகில் இடம் என்ற எச்சரிக்கை ஸஹீஹான ஹதீஸ்களில் வந்திருப்பதை அவர்கள் அறிவார்களாக!

இனி மஸ்அலாவுக்கு வருவோம். பாலூட்டும்போதே கருவுறுவது பற்றிய அச்சம் பழையது. தாய் பாலூட்டும் காலத்தில் கணவன் சேர்வதையும், கர்ப்பத்தோடு பாலூட்டுவதையும் அரபிகள் ஃகீலா என்றார்கள். அது பிள்ளையை மெலிய வைக்கும் என்று நம்பினார்கள். நம் தமிழில் சவலைப் பிள்ளை என்கிறோமே, தாய் மறுபடி கருவுற்றதால் பாலின்றி நோஞ்சானாகிப் போன பிள்ளை, அதே அச்சம்தான். ஆப்பிரிக்காவில் கானா நாட்டிலும் இதற்கு ஒரு சொல் உண்டு. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1930-களில் அங்கே வேலை பார்த்தபோது, புரதச் சத்துக் குறைந்து வீங்கிய குழந்தைகளைக் கண்டார். அந்நோயை அவ்வூர்த் தாய்மார் குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த பிள்ளை வந்ததால் இடம் பறிபோன பிள்ளைக்கு வரும் நோய் என்பது பொருளாம். 1935-இல் அவர் அந்தப் பெயராலேயே மருத்துவ உலகத்துக்கு அதை அறிவித்தார். அரபு நாடு எங்கே, கானா எங்கே, நம் தஞ்சாவூர் எங்கே? தாய்மார் கண்டது ஒன்றுதான்.

இந்த அச்சத்தை நாயகம் (ஸல்) அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜுதாமா பின்த் வஹ்பு (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஃகீலாவைத் தடுத்துவிடலாம் என்று தாம் எண்ணியதாகவும், ரோமர்களும் பாரசீகர்களும் அவ்வாறு செய்தும் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தீங்கு நேராததை நினைத்துப் பார்த்ததாகவும் அவர்கள் கூறினார்கள். தடுக்கவில்லை. இன்னொரு பக்கம் அஸ்மா பின்த் யஸீத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அதில் ஃகீலாவினால் பிள்ளைகளை மறைமுகமாகக் கொல்லாதீர்கள், அதன் பலவீனம் வளர்ந்து குதிரையேறிய பிறகும் அவனைத் தள்ளிவிடும் என்ற கருத்து வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த உலமாக்களில் பலர், இது ஹராம் அல்ல, ஆனால் பேணுதலுக்கான அறிவுரை என்றார்கள்.

எனக்கு இதில் பெரிய பாடமாகத் தெரிவது வேறு. வஹீ இறங்கும் நபியே, ஒரு தடையை விதிக்கும் முன் வேறு சமுதாயங்களின் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சந்தேகத்தை வைத்து ஹராமாக்கவில்லை. அப்படியிருக்க, நடைமுறையை விசாரிக்காமல் கூடும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? கூடாது என்று சொல்லத்தான் என்ன உரிமை? பொடியால் பிள்ளைக்கு வந்ததைக் கண்டு அதிர்ந்துபோய், எல்லாமே கூடாது என்று அடுத்த நாள் பயான் செய்யத் தோன்றியது உண்மை. அதுவும் முதல் பதிலைப் போன்ற அவசரம்தான்.

நாள் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். கர்ப்பப்பைகளில் உள்ளதை அல்லாஹ் ஒருவனே அறிவான், நாம் கணக்குப் போடுவது அதில் தலையிடுவதாகாதா என்று ஒரு முதியவர் என்னிடம் கேட்டார். ஆகாது. ஹைளு, துஹ்ரு, இத்தா என்று நம் ஃபிக்ஹு நூல்களில் பெண்களின் நாள் கணக்குக்கென்றே பெரிய பாபுகள் இருக்கின்றன. அவற்றை ஓதாமல் யாரும் ஆலிமாக முடியாது. மதீனத்துப் பெண்கள் பஞ்சில் பட்ட கசிவை ஒரு சிறு பேழையில் வைத்து அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அனுப்புவார்கள் என்றும், வெண்மை தெரியும்வரை அவசரப்படாதீர்கள் என்று அன்னை சொல்லியனுப்புவார்கள் என்றும் முவத்தாவில் காண்கிறோம். உடலின் அடையாளங்களைப் பார்த்து நாளை அறிவது வெட்கத்துக்குரியதாகவோ தவக்குலுக்கு மாறானதாகவோ அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதே இடத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. சில பெண்கள் நள்ளிரவில் விளக்கை வரவழைத்துத் துஹ்ரு வந்துவிட்டதா என்று பார்ப்பதாக ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் மகளாருக்குத் தெரிந்தபோது, முன்னிருந்த பெண்கள் இப்படிச் செய்ததில்லையே என்று அதைக் குறையாகச் சொன்னார்கள். நள்ளிரவு விளக்கு இப்போது கைப்பேசியாக மாறியிருக்கிறது. அந்தச் சகோதரி இரவில் பிள்ளைக்குப் பால் கொடுக்க எழும்போதெல்லாம் செயலியைத் திறந்து பார்ப்பாராம். விடிந்ததும் உடல் வெப்பம், மதியம் சோதனைக் குச்சி. ஒரு கோடா, இரண்டு கோடா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பது.

இதில் பயன் உண்டா என்றால், உண்டு. ஆனால் பாலூட்டும் தாய்க்குக் குறைவு. கருமுட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடிருப்பதில்லை. ஆணின் விந்து ஐந்து நாள் வரை இருக்கலாம். ஆகவே ஒரு மாதத்தில் கரு உண்டாகக்கூடிய நாட்கள் ஏறத்தாழ ஆறு. சோதனைக் குச்சி நிறம் மாறினால் ஒன்று ஒன்றரை நாளில் முட்டை வெளிப்படும் என்று பொருள். மாதம் தவறாமல் ஹைளு வருபவருக்கு இது சரியாக வரும். பாலூட்டும் தாய்க்கோ சுற்று முன்பின்னாக இருக்கும். செயலி போன மாதத்தை வைத்து இந்த மாதத்தை ஊகிப்பது. போன மாதமே சரியில்லாதபோது அது என்ன சொல்லும்? இரவில் நாலு முறை எழுபவரின் காலை வெப்பத்தையும் நம்ப முடியாது. ஹைளு திரும்பிய புதிதில் முட்டை வந்தாலும் கரு தங்கும் அளவுக்கு நாட்கள் போதாமல் போவதும் உண்டு. எதிர்மறையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஹைளு இன்னும் வரவில்லை, ஆகவே கருவுற மாட்டேன் என்று இருந்துவிடுவதும் தவறு. முதல் ஹைளுக்கு முன்பே முட்டை வந்துவிடக்கூடும். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், ஹைளும் வராமல் இருந்தால் மட்டுமே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் பாதுகாப்பு என்று 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் முடிவு சொன்னார்கள்.

பாலூட்டல் ஹைளைத் தடுக்கும் என்பது ஸஹாபாக்களுக்குத் தெரிந்த விஷயம். ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) பாலூட்டும் மனைவியைத் தலாக் சொன்னார்கள். மாதங்கள் பல கடந்தும் அந்த அம்மையாருக்கு ஹைளு வரவில்லை, அதனால் இத்தாவும் முடியவில்லை. இதற்குள் ஹப்பான் நோயில் விழுந்தார்கள். அப்பெண் வாரிசாவார் என்று ஹழ்ரத் உஸ்மான் (ரலி) தீர்ப்பளித்தார்கள். ஓர் அறிவிப்பின்படி, அதைக் கேட்ட ஹப்பான் குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். பாலூட்டல் நின்றதும் ஹைளு வர ஆரம்பித்தது. மூன்றாவது வரும் முன் ஹப்பான் மறைந்தார்கள். சொத்துக் கணக்கு எப்படியோ போகட்டும். பெரியவர்களின் வழக்குக்கு நடுவில் பாலை இழந்தது அந்தக் குழந்தை என்பதை நான் இத்தனை ஆண்டும் கவனித்ததில்லை. இத்தா பாபில் ஓதும்போது பெண்ணின் வாரிசுரிமையைத்தான் பார்த்தேன்.

பிள்ளையின் பால் தாயின் தயவா, பிள்ளையின் ஹக்கா? பிறந்ததும் சுரக்கும் சீம்பாலைத் தாய் ஊட்டியே ஆக வேண்டும் என்கிறது ஷாஃபிஈ மத்ஹபு. அதற்குப் பின் வேறு ஏற்பாடு இருந்தால் தாயைக் கட்டாயப்படுத்த முடியாது. ஹனஃபி மத்ஹபில், அல்லாஹ்விடம் அவள் கடமைப்பட்டவள், காழி கட்டாயப்படுத்த மாட்டார். பிள்ளை வேறு யாரிடமும் குடிக்காவிட்டால் கட்டாயம் உண்டு. பால் கொடுக்கும் தாய் பிள்ளைக்கு அஞ்சினால் ரமளான் நோன்பையே தள்ளிப் போடலாம். இஸ்லாத்தின் தூண்களில் ஒன்று ஒரு கைக்குழந்தையின் பசிக்காக ஒதுங்கி நிற்கிறது! களாவோடு ஃபித்யாவும் உண்டா என்பதில்தான் மத்ஹபுகளுக்குள் கருத்து வேற்றுமை.

இதைத்தான் அந்தச் சகோதரரிடம் சொன்னேன். ரமளானையே தள்ளிப் போட அனுமதித்த பாலுக்காக ஓர் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா என்றேன். நல்ல கியாஸ் என்று எனக்கே ஒரு திருப்தி. அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் பதில் வந்தது. "நோன்புக்குக் களா உண்டு, என் வயசுக்குக் களா உண்டான்னு ஹஜ்ரத்கிட்ட கேட்டு வாங்க" என்றாராம். முப்பத்தாறு வயது. முப்பத்து மூன்றில்தான் நிக்காஹ் நடந்தது. முதல் பிள்ளைக்கே இரண்டு ஆண்டுக் காத்திருப்பு.

இந்தக் கேள்விக்கு முன்னால் என் கியாஸ் நிற்கவில்லை. வாயடைத்துப் போனேன் என்று எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. அந்தச் சகோதரி ஃபிக்ஹு ஓதியவர் அல்ல. ஆனால் ஆசை என்று நான் இலேசாகச் சொன்னதை அவர் ஹக்கு என்று காட்டிவிட்டார். அது சரிதான். மனைவியின் சம்மதமில்லாமல் அஸ்ல் செய்யக் கூடாது என்று ஃபுகஹாக்கள் சொன்னதற்குக் காரணமே, பிள்ளை பெறுவது அவளுடைய உரிமை என்பதுதான்.

ஆக இங்கே யாருடைய ஹக்கு யாருக்கு எதிரே நிற்கிறது? இன்னும் உருவாகாத பிள்ளைக்கு ஷரீஅத்தில் ஹக்கு ஏதும் இல்லை. கருவில் இருப்பதற்கு வாரிசுப் பங்கை ஒதுக்கி வைக்கிறோம், வஸிய்யத்தும் செல்லும். கருவே ஆகாததற்கு ஷாஃபிஈ மத்ஹபில் வஸிய்யத்து செல்லாது. ஆகவே வரப்போகும் தம்பிக்காக என்று சொல்லி இருக்கும் பிள்ளையின் பாலைக் குறைக்க முடியாது. தம்பி இன்னும் இல்லை. ஆனால் தாய் இருக்கிறாள். மடியிலுள்ள பிள்ளையின் பாலும், தாய் இன்னொரு பிள்ளையை அடைவதும், இவை இரண்டும் உண்மையான ஹக்குகள். அல்பகரா அத்தியாயம் 233-ஆம் வசனம் இரண்டையும் தெரிந்தே பேசுகிறது. பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்கிறது. பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்கும் துன்பம் நேரக் கூடாது, தந்தைக்கும் நேரக் கூடாது என்கிறது. அதற்கு முன்பே பால்குடி மறக்கச் செய்ய நினைத்தால், இருவரும் மனம் ஒப்பி, கலந்தாலோசித்துச் செய்தால் குற்றமில்லை என்கிறது. சோறு ஊட்டுவது, உடை கொடுப்பது எல்லாம் ஒருவர் தனியே முடிவு செய்யலாம். பாலை நிறுத்துவதற்கு மட்டும் இரண்டு பேரின் சம்மதமும் ஆலோசனையும் வேண்டும் என்று அல்லாஹ் வைத்தது ஏன்? பிள்ளைக்கு வாய் பேச வராது. அதற்காகப் பேச இரண்டு பேராவது வேண்டும் என்பதற்காக இருக்கலாம்.

என் தவறு எங்கே என்று இங்கேதான் எனக்குத் தெளிந்தது. பாலைக் குறைக்கக்கூடிய ஒரு பொடியைத் தெரியாமல் சாப்பிடுவது, ஆலோசனை இல்லாமல் நடக்கும் பால்மறப்பு. தாய்க்கே தெரியாது, தந்தைக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது, ஃபத்வா சொன்னவனுக்கும் தெரியாது. தெரிந்தது பிள்ளைக்கு மட்டும்தான், அது அழுதது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு மதீனாவுக்கு வந்து தங்கிய வணிகர்களுக்குக் காவல் இருந்தபோது ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டார்கள். விடாமல் அழுதது. தாயிடம் காரணம் கேட்டார்கள். கலீஃபா என்று அறியாத அந்தப் பெண், பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித்தொகை தருகிறார், அதனால் இதற்குச் சீக்கிரமே மறக்க வைக்கிறேன் என்றாள். அன்று ஃபஜ்ரில் அவர்கள் ஓதியதை மக்களால் கேட்க முடியவில்லை, அவ்வளவு அழுகை. பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தொகை உண்டு என்று அன்றே அறிவிப்புச் செய்தார்கள். இப்னு ஸஅது இதைத் தபகாத்தில் எழுதியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு வகுத்த ஒரு விதி தொலைவில் ஒரு தொட்டிலில் என்ன செய்கிறது என்று அவர்கள் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மீண்டும் அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன். பொடியை நிறுத்தச் சொன்னேன். மருத்துவம் அறிந்தவரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று அந்தச் சகோதரி சொன்னதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. 1885-இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கியதே நம் கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் போகாமல் செத்துக்கொண்டிருந்ததைக் கண்டுதான். இன்றைக்குக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் இருந்தாலும் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

அவர்கள் பார்த்த மருத்துவர் சொன்னது எளிமையானது. ஏழாவது மாதத்திலேயே ஹைளு திரும்பிவிட்டது. ஆகவே முட்டை ஒருவேளை ஏற்கெனவே வந்துகொண்டிருக்கலாம், பொடிக்கே தேவை இருந்ததா என்பது சந்தேகம். இரத்தத்தில் தைராய்டு பார்த்தார். அடுத்தபடியாக, கணவரையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார். அவர் இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார். நம் குடும்பங்களில் பொடியும் கஷாயமும் நாள் கணக்கும் பெண்ணின் தலையில்தான் விழுகின்றன. குறை பாதி இடங்களில் ஆணிடமும் இருக்கக்கூடும் என்பதை மாமியார்களும் கேட்பதில்லை, மாப்பிள்ளைகளும் சொல்வதில்லை. பொடியை வாங்கித் தரத் தயங்காத கை, ஒரு சோதனைக்குப் போக ஏன் தயங்குகிறது?

ஒரு பிள்ளை பிறந்தபின் அடுத்த கருவுக்கு இரண்டு ஆண்டு இடைவெளி விடுவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இல் கூட்டிய ஆலோசனையில் முடிவாயிற்று. முப்பத்தைந்து கடந்தவருக்கு வயதையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர்கள் இதைக் குறைத்துச் சொல்வதும் உண்டு. இவர்களுக்கு, பிள்ளைக்கு ஒரு வயது நிறையட்டும், எடை ஏறட்டும், திட உணவு நன்றாகச் சேரட்டும் என்றார். அதற்குப் பிறகு இருவரும் பேசி இரவுப் பாலை மெல்ல மெல்லக் குறைக்கலாம், ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், அவ்வளவே பலருக்குப் போதுமாக இருக்கும் என்றார். கருவுற்ற பிறகும் உடல்நலம் சரியாக இருந்தால் பெரும்பாலோர் பாலூட்டலாம் என்றும், முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள் மட்டும் கேட்டுச் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். ரோமர்களையும் பாரசீகர்களையும் பார்த்து நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்காமல் விட்டது என் நினைவுக்கு வந்தது.

சகோதரியின் கேள்விக்கு நான் பதில் அனுப்பினேன். வயதுக்குக் களா இல்லை, நீங்கள் சொன்னது சரி என்றேன். பாலை நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் வெளிப்படையாகப் பேசி நிறுத்துங்கள், அது உங்களுக்கு ஆகுமானது, குற்ற உணர்வு வேண்டாம். டப்பாவிடம் அந்த முடிவை விட்டுவிடாதீர்கள் என்றேன். கைப்பேசியை இரவில் அடுத்த அறையில் வைக்கச் சொன்னேன். அதை அவர் கேட்டாரோ என்னவோ.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அந்தச் சகோதரர் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பதினாலு மாதம். நாலு பல். குத்பாவின்போது தகப்பனாரின் தொப்பியைப் பிடுங்கிக் கடித்துக்கொண்டிருந்தது. தொழுகை முடிந்து ஸலாம் சொன்னார், துஆ செய்யச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.